மேல், சரி

1

அன்றைக்கு "மேல்" என்று சொன்னது யார், "சரி" என்று சொன்னது யார் என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. நான் அங்கேதான் இருந்தேன். விமானம் பறக்கும் தளத்தின் ஓரத்தில், புல்லில், மடியில் ஒரு புத்தகத்துடன். காற்று பக்கத்தைப் புரட்டிவிடாதபடி கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. புத்தகம் எது என்பது நினைவில்லை. இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று அக்காவுடையது, மற்றது அத்தானுடையது. எந்தச் சொல் எந்தக் குரலில் வந்தது என்பதில்தான் குழப்பம்.

இந்தக் கதை பிறந்தது அந்தக் குழப்பத்தில். இதை எழுத வேண்டும் என்று தோன்றியதிலிருந்து அக்காவிடம் தனியாகவும் அத்தானிடம் தனியாகவும் பலமுறை கேட்டுவிட்டேன். இருவரும் அடித்துச் சொல்கிறார்கள். இருவரும் சொல்வது வேறு வேறு. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் இருவரும். (எங்கள் மூவரில் அந்தப் பழக்கம் உள்ளவன் நான் ஒருவன்தான், எழுதுகிறவன் என்பதால்.)

இரண்டே இரண்டு சொற்களுக்காக ஒரு கதையா என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சொற்களை நம்பி ஒரு விமானம் இருந்தது. அந்த விமானத்தை நம்பி ஓர் அறை இருந்தது. அந்த அறையை நம்பி ஒரு மனிதர் இருந்தார். கொஞ்சம் பெரிதாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"வட்டத்தின் நடுவில் நிற்பவருக்கு உலகம்தான் சுற்றுகிறது, அவர்—"

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கும் கதை அடுத்த பக்கத்தில் வாசகரை உட்காரவைத்துத் தத்துவம் பேசும். வாசகனாக நான் அப்படிப் பலமுறை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அந்த மஞ்சள் விமானம்—"

மஞ்சளா? வால் மட்டும்தான் மஞ்சள் என்கிறாள் அக்கா. இறக்கை வெள்ளையாம். "வெள்ளைன்னா வெள்ளை இல்லடா. பால் ஆறினதும் ஏடு கட்டுமே, அந்த நிறம்." அத்தானைக் கேட்டால் பேசாமல் பெயிண்ட் டப்பாவின் மூடியை எடுத்துக் காட்டுகிறார். அதில் காய்ந்திருப்பது எனக்குச் சாம்பலாகத் தெரிகிறது.

"அத்தான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார்."

இது நிற்கட்டும். "இருந்தார்" என்பதிலேயே பாதிக் கதை வந்துவிட்டது.

3

அத்தான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழாய்க்குள், கூண்டின் கூரைமேல் நின்றபடி மேலும் கீழும் போய்வந்தவர். கயிற்றைத் தட்டிப் பார்த்து, அது எழுப்பும் சத்தத்திலிருந்து எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். விடுமுறை நாட்களில் கம்பி விமானம் ஓட்டுவார்.

கம்பி விமானம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். இரண்டு கையையும் விரித்தால் அணைக்கக்கூடிய அகலத்தில் ஒரு விமானம். அதன் உள்பக்க இறக்கை நுனியிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பிகள் இரண்டு வரும். வட்டத்தின் நடுவில் நிற்பவரின் கையில் உள்ள பிடியில் அவை முடியும். பிடியின் மேல்முனையைத் தன் பக்கம் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், வாலில் உள்ள மடல் உயரும், விமானம் மேலே போகும். கீழ்முனையைச் சாய்த்தால் கீழே வரும். அவ்வளவுதான் கட்டளை. மேல், கீழ். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு வட்டம், சதுரம், எட்டு, தலைக்கு மேல் எட்டு, மணல்கடிகாரம் எல்லாவற்றையும் வானத்தில் வரைய வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். ரேடியோ கிடையாது. விமானம் என்ன செய்ய விரும்புகிறது என்பது கம்பி வழியாகக் கைக்கு வரும்.

நடுவில் நிற்பவர் விமானத்தோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அத்தானுக்கு உள்காதில் கோளாறு வந்தது. ஒரு காது ஏறக்குறைய அடைத்துப்போனது. மற்றது நன்றாகக் கேட்கும், ஆனால் தலையைச் சட்டென்று திருப்பினால் தரை சரிந்துவிடும். முதலில் லிஃப்ட் குழாயிலிருந்து அவரை வெளியே எடுத்து, தொலைபேசியில் புகார் கேட்கும் மேசையில் உட்காரவைத்தார்கள். அதை அவர் தாங்கிக்கொண்டார். பிறகு ஒரு நாள் வட்டத்தின் நடுவில் பிடியுடன் விழுந்தார். விமானம் தரையில் மோதிச் சிதறியது. அதைத் தாங்கிக்கொண்டாரா என்று சொல்லத் தெரியவில்லை.   

4

அந்தச் சமயத்தில், நாங்கள் மூவரும் இருந்த வீட்டில் அவர் விமானம் கட்டும் அறையில், இன்னொரு விமானம் பாதி முடிந்து கிடந்தது. அவர் கட்டிய முதல் மின்சார விமானம். அதற்கு முன்னால் இருந்தவை எண்ணெய் என்ஜின்கள். துணியெல்லாம் விளக்கெண்ணெய் வாடை வீசும், தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். மோட்டாரும் பேட்டரியும் வேறு ஜாதி. எண்ணெய் எரிய எரிய விமானத்தின் மூக்கு இலேசாகும். பேட்டரி கடைசிவரை அதே எடை. மோட்டார் முதல் சுற்றில் எப்படிப் பாடுகிறதோ கடைசிச் சுற்றிலும் அப்படியே பாடும். உள்ளே ஒரு சின்ன டைமர் இருக்கிறது. பொத்தானை அமுக்கிவிட்டால், போட்டி வடிவங்களின் முழு வரிசையையும் ஆடி முடிக்கத் தேவையான நேரத்துக்கு மோட்டாரை ஓடவிட்டு, பிறகு அதுவே நிறுத்தும். நடுவில் நிற்பவரால் நிறுத்த முடியாது. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் எட்டாம் பகுதியில் என்னைத் திட்டுவீர்கள்.)

விழுந்ததற்குப் பிறகும் அத்தான் அதைக் கட்டி முடித்தார். ஏன் என்று தெரியாது. வேலையைப் பாதியில் விடக் கை ஒப்பவில்லை என்று நினைக்கிறேன். இறக்கையின் ஒவ்வொரு மர விலாவையும் விளக்குக்கு எதிரே பிடித்து, நாரோட்டம் ஒத்துப்போகும் ஜோடிகளாகப் பிரித்து, இடதுக்கும் வலதுக்கும் பங்கிட்டார். மெல்லிய தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்து, அது காய்ந்து மத்தளம்போல விறைத்ததும் விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்தார். வால் மடல் வாயால் ஊதினால் ஆட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஊதினார். ஆடியது. மீண்டும் கழற்றி, கீலைத் தேய்த்து, மாட்டி, ஊதினார். எனக்கு முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் முகத்தில் தெரிந்தது.

முடித்த அன்று மதியம் அதைத் துணியில் சுற்றினார்.

"விசில் எடுத்துக்கட்டும். ரொம்ப நாளா கண்ணு வச்சிருக்கான்."

விசில் என்பவர் பேருந்து ஓட்டுநர், அவர்தான் எங்கள் ஊர்ப் போட்டியின் தலைமை நடுவரும். விமானம் பறக்கும்போது தன்னையறியாமல் பல் இடுக்கால் விசிலடிப்பார்.

"அவருக்கா?" என்றாள் அக்கா. "அவர் தன்னோடதையே கொண்டுபோய் வேலியில மாட்டினவரு."

"அப்புறம் யார் ஓட்டுறது? உன் தம்பியா? என்ன புஸ்தகம், ஓட்டுறியா?"

என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"நான் ஓட்டுறேன்" என்றாள் அக்கா.

அத்தான் சிரிக்க ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

"தலை சுத்தும்."

"உங்களோட குடும்பம் நடத்தி பழகிடுச்சு."

 பிறகு அத்தான், துணியைப் பிரிக்காமலே சொன்னார்: "இதுதான் கடைசி. இது உடைஞ்சா இன்னொண்ணு கட்ட மாட்டேன். அறைய காலி பண்ணி உன் தம்பி புஸ்தகத்தை அடுக்கிக்கட்டும்."

"அதெல்லாம் அவன் அடுக்க மாட்டான். கண்ட இடத்துல போடுவான். உடையாது, பிரிங்க."

அன்று இரவு உணவுக்குப் பிறகு அக்கா என்னிடம் தனியாகச் சொன்னது இது: "அந்த அறை மூடிட்டா இந்த மனுஷன் டிவி முன்னாடி உக்காந்துடுவாருடா. உக்காந்தா எழுந்திரிக்க மாட்டாரு." கதையில் எது பணயம் என்று தேடுகிற வாசகர் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

5

அக்கா ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள். குழந்தையின் நரம்பு, கிழவரின் நரம்பு, பயத்தில் ஒளிந்துகொண்ட நரம்பு எல்லாவற்றையும் கண்ணால் தேடாமல் விரலால் தேடுபவள். நரம்பு நழுவினால் ஊசியால் துரத்தக்கூடாது, அசையாமல் நின்று விரலைக் கேட்க வேண்டும் என்பாள். ஒரு பழைய அடிபட்ட விமானத்தில் ஒரு வருடம் பழகினாள். முதலில் விழுந்தாள், வாந்தி எடுத்தாள். பிறகு சுற்றியுள்ளதைப் பார்க்காமல் விமானத்தை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அதன்பின் புதியதைக் கையில் எடுத்தாள்.

அத்தானால் விமானத்தைத் தொடர்ந்து பார்க்க முடியாது. தலை திருப்ப வேண்டும். வட்டத்துக்கு வெளியே நின்று ஏதோ ஒரு மின்கம்பத்தைப் பார்த்தபடி இருப்பார். விமானம் அந்தக் கம்பத்தைக் கடக்கும் நொடியில் மட்டும் அவருக்குக் காட்சி. மீதியெல்லாம் சத்தம். நல்ல காதைத் தளத்தின் பக்கம் வைத்துக்கொண்டு மோட்டாரின் ஓசையை வைத்தே, ஏறுகிறது, திரும்புகிறது, நேராகிறது என்று முணுமுணுப்பார். அதை நான் ரசித்தேன். விமானத்தைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல், கையிலிருந்த புத்தகத்தைப் படிக்காமலே பல மாலைகள் போயின.

ஆனால் கம்பியில் என்ன வருகிறது என்பது அவருக்கு வராது. அதை அக்கா சொல்ல வேண்டும்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. தலைக்கு மேல வரும்போது கொஞ்சம் மரியாதை கொறையுது."

"என்ன கொறையுது?"

"மரியாதைங்க. கீழ சுத்தும்போது கையை ஒழுங்கா இழுத்துக்கிட்டே இருக்கு. இருக்கேன், இருக்கேன்னு சொல்ற மாதிரி. மேல போனதும் நம்மள கண்டுக்க மாட்டேங்குது."

"இழுவைன்னு சொல்லு."

"இழுவைன்னா வண்டிய கட்டி இழுக்கிற மாதிரி இருக்கு. இது மரியாதைதான்."

அத்தான் வெளிப்பக்க இறக்கையின் நுனியில் உள்ள சின்னப் பெட்டியைத் திறந்து, ஈயத்துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்தார். அந்தப் பக்கம் கனம் கூடினால் விமானம் வெளியே சாயும், கம்பி விறைக்கும்.

அடுத்த பறப்பு முடிந்ததும்: "இப்ப?"

"இப்ப ஜாஸ்தி. ஆனா போலி மரியாதை. சதுரத்துல மூலை திரும்பினா வெளி இறக்கை பொத்துனு தொங்குது. உள்ள ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு காட்டுது."

அவர் ஈயத்தைக் கொஞ்சம் சீவினார். இறக்கை நுனியில் கம்பி வெளியே வரும் துளையை ஓர் அரிசி அகலம் பின்னால் நகர்த்தினார். பேட்டரியை நகக்கண் அளவு பின்னுக்குத் தள்ளினார். இதெல்லாம் ஒரே நாளில் நடந்ததாக எழுதியிருக்கிறேன். உண்மையில் ஒரு பருவம் முழுக்க நடந்தது. கடைசியில் ஒரு மாலை அக்கா தலைக்கு மேல் எட்டுப் போட்டு இறக்கிவிட்டு வந்தாள்.

"இப்ப?"

"இப்ப சம்பந்தி மாதிரி இருக்கு. மரியாதையும் இருக்கு, இடைவெளியும் இருக்கு."

அதன்பிறகு அந்த வீட்டில் இழுவை என்ற சொல்லே இல்லை.*

* எந்தத் தொழில்நுட்பப் புத்தகத்திலும் 'மரியாதை' இந்தப் பொருளில் இருக்க வாய்ப்பில்லை. நான் தேடவும் இல்லை. ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு சொல்லை உண்டாக்கியதை நேரில் பார்த்தவன் அகராதியைத் திறந்து பார்ப்பது சரியாகப் படவில்லை.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அத்தான் இவ்வளவு நல்லவராக இருந்தால் கதையை யார் நம்புவார்? தான் நின்ற இடத்தில் மனைவி நிற்கிறாள், வயிறு எரியாதா? எனவே இப்படி எழுதினேன்:

"அக்கா முதன்முறை முழு வரிசையையும் ஆடி முடித்த அன்று அத்தான் பொறாமையில்—"

அடித்தேன். "அத்தான் கண்கலங்கி—" அதையும் அடித்தேன். நடந்தது என்னவென்றால், அவர் போய் நாங்கள் வந்த வேனுக்குள் உட்கார்ந்துகொண்டார். கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, கண்ணாடியில் வெயில் அடித்தது. தெரியாததை எழுத மாட்டேன் என்று இந்த ஒரு விஷயத்திலாவது இருந்துகொள்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தார்.

"கையைக் காட்டு" என்றார்.

அக்கா நீட்டினாள். அவர் அவளுடைய உள்ளங்கையின் அகலத்தை ஒரு நூலால் அளந்தார். விரல்களை மடக்கச் சொல்லி மடிப்பை அளந்தார்.

"என்னோட பிடி உனக்கு பெருசு. அதான் மூலையில பிந்துற."

"நான் பிந்துறேனா?"

"கொஞ்சம்."

"அதை ஒரு வருஷம் கழிச்சு சொல்றீங்க?"

"இப்பதானே மூலை வருது."

உடைந்த நாற்காலியின் கை ஒன்று அறையில் கிடந்தது. நல்ல மரம். அதில் புதுப் பிடி செதுக்கினார். அக்காவின் நான்கு விரல்களுக்கும் நான்கு பள்ளங்கள், கட்டைவிரலுக்கு ஒரு சரிவு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கை தானே போய் உட்கார்ந்துகொள்ளும். மெழுகு தேய்த்து மெருகேற்றியதும் அதற்குள் கோடுகள் ஆற்று நீர் மாதிரி தெரிந்தன. பழைய பிடியின் மேல்முனையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு இருந்தது. மேல் கம்பியின் கொக்கியிலும் அதே பொட்டு. சிவப்போடு சிவப்பு சேர்ந்தால் மேலும் கீழும் மாறாது. அத்தான் நகப்பூச்சுச் சீசாவைத் திறந்தார்.

"ஐயோ, வேண்டாங்க. எவ்வளவு அழகா இருக்கு. இதுல போய் பொட்டு வைக்காதீங்க" என்றாள் அக்கா.

அவருக்கும் மனம் வரவில்லை. மூடிவைத்துவிட்டார்.

7

போட்டி நாள். சரக்கு லாரிகள் நிற்கும் பழைய சிமெண்ட் தளம். காலையில் அத்தான் பழைய பிடியைக் கழற்றி, புதுப் பிடியை மாட்டினார். அன்றுதான் அது முதல்முறை கம்பியைப் பார்க்கிறது. கொக்கிகள் இரண்டும் இடம் மாறிப்போயின. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு சோதனை உண்டு. பறக்கும் முன் பிடியில் இருப்பவர் "மேல்" என்று சொல்லிப் பிடியைச் சாய்ப்பார். விமானத்தருகே இருப்பவர் குனிந்து வால் மடல் உயர்வதைப் பார்த்து "சரி" என்பார். பல வருடங்களாகப் போட்டி நாட்களில் பிடியில் அத்தான், வாலருகே அக்கா. மேல், சரி. கீழ், சரி. வாசலில் செருப்பு மாட்டுவதுபோல் அது பழகியிருந்தது. இப்போது இடம் மாறிவிட்டார்கள். பிடியில் அக்கா, வாலருகே அத்தான். வாயும் இடம் மாறியதா?

நான் கேட்டது: "மேல்." ஒரு சின்ன இடைவெளி. "சரி."

அக்கா சொல்வது: "அவருதான்டா பழக்கதோஷத்துல வாலுகிட்ட நின்னுக்கிட்டு 'மேல்'னாரு. நானும் பழக்கதோஷத்துல 'சரி'ன்னுட்டேன். பிடியை அசைக்கவே இல்ல. பிடி என் கையில, அசைக்க வேண்டியவ நான். என் தப்பு."

அத்தான் சொல்வது: "அவ ஒழுங்காத்தான் 'மேல்'னு சொல்லி சாய்ச்சா. குனிஞ்சா தலை சுத்துமேன்னு நான் குனியல. பாக்காம 'சரி'ன்னுட்டேன். பாக்க வேண்டியவன் நான். என் தப்பு."

கவனித்தீர்களா? இருவரும் பழியை எதிராளிமேல் போடும் கணவன் மனைவியைப் பற்றி நிறைய படித்திருக்கிறேன். இவர்கள் தவறுக்காக அடித்துக்கொள்கிறார்கள், ஆளுக்கொரு பக்கம் தன்னிடம் இழுத்து.

அத்தான் பொத்தானை அமுக்கினார். டைமர் ஓடத் தொடங்கியது. மோட்டார் எழுந்து பாடியது. அக்கா இடது கையை உயர்த்தினாள், அவர் வாலை விட்டார். "எழும்பும்போது நீ ஒண்ணும் பண்ணாதே, தானா எழும்பும்" என்று சொல்லி அவர் சக்கரங்களை அமைத்திருந்தார். அதனால்தான் அது உருண்டு, தானே எழுந்தது. அவள் வழக்கம்போல் கொஞ்சம் "கீழ்" கொடுத்து அதை மட்டப்படுத்தப் பார்த்தாள்.

அது மேலே ஏறியது.

8

இங்கே நிறுத்துகிறேன். எழுதுகிறவனுக்குக் கிடைத்த நல்ல இடம் இது, என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

முதல் முடிவு: ஏறுகிறதே என்று எல்லோரும் செய்வதை அவளும் செய்கிறாள், இன்னும் கொஞ்சம் "கீழ்" கொடுக்கிறாள். அது இன்னும் செங்குத்தாக ஏறி, தலைக்கு மேலே கம்பி தளர்ந்து, மல்லாந்து விழுகிறது. பால் ஏட்டு நிறத்தில் குச்சிகளும் தாளும் தளமெங்கும். மாலையில் அத்தான் அறையைக் காலிசெய்கிறார். என் புத்தகங்கள்— இல்லை. இதை எழுதக் கை வரவில்லை. மிகச் சாத்தியமான முடிவு இதுதான் என்று விசில் இன்றைக்கும் சொல்கிறார்.

இரண்டாம் முடிவு: மேல் கீழாக, கீழ் மேலாக, எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்தே முழு வரிசையையும் ஆடி, கோப்பை வாங்குகிறாள். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. இது படத்துக்கு நன்றாக இருக்கும். அக்காவிடம் படித்துக் காட்டினேன். "போடா, லூசு" என்றாள்.

மூன்றாவது, நடந்தது.

அது ஏறியதும் அக்கா ஒரு கணம் ஒன்றுமே செய்யவில்லை. எனக்கு அந்தக் கணம் இன்னும் தெரிகிறது. நரம்பு நழுவிவிட்டது. துரத்தவில்லை. விரலைக் கேட்டாள். பிறகு பிடியை மெல்ல, மிக மெல்ல, எதிர்ப்பக்கம் சாய்த்தாள். விமானம் மட்டப்பட்டது. அதன்பின் நீட்டிய கையை மணிக்கட்டோடு உள்ளே முறுக்கி, கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி பிடியையே தலைகீழாகத் திருப்பிக்கொண்டாள். கம்பிகள் ஒருமுறை பின்னிக்கொண்டன, அதனால் பாதகமில்லை. மேல் மறுபடியும் மேலானது. (திருப்பவில்லை, மனதுக்குள்ளேயே மாற்றிக்கொண்டாள் என்று விசில் சொல்கிறார். நான் முறுக்கிய கையைத்தான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.)

"மாறி இருக்கு!" என்று கத்தினாள்.

அத்தானுக்குப் புரிந்துவிட்டது.  மோட்டார் நிற்காது. அவர்தான் அதன் நேரத்தை அமைத்தவர், முழு வரிசைக்கும் போதுமான நேரம். அவ்வளவு நேரமும் அவள் முறுக்கிய கையோடு மட்டமாகச் சுற்ற வேண்டும். உள்ளே போக வழியில்லை; விமானம் வட்டத்தை வேலியிட்டிருந்தது. திரும்பிப் பார்க்க வழியில்லை. அவர் மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடி அது அவர் கண்ணில் பட்டு மறைந்தது.

"மரியாதை இருக்கா?" என்று கூவினார்.

"இருக்கு!"

ஒரு சுற்று.

"மரியாதை இருக்கா?"

"இருக்கு! இருக்கு!"

எங்களுக்குப் பின்னால் யாரோ, வேற்றூர்ப் போட்டியாளர், பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது: "என்னங்க இது, பொண்டாட்டிகிட்ட இப்படி வெளிப்படையா கேக்குறாரு?"

"அந்தம்மாவும் இருக்குன்னுதானே சொல்றாங்க, விடுங்க."

நான் சிரித்தேனா? சிரித்திருந்தால் அந்த நேரத்தில் அது அழுகைக்குப் பக்கத்து வீடாகத்தான் இருந்திருக்கும். புத்தகம் மடியிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.  அக்கா முறுக்கிய கையை இடது கையால் தாங்கிக்கொண்டாள். விசில் மதிப்பெண் அட்டையை மறந்து வாயில் காற்றோடு நின்றார், சத்தமே வரவில்லை.

டைமர் மோட்டாரை அடக்கத் தொடங்க, ஓசை மாறியது. மற்றவர்கள் கவனிக்கும் முன்பே அத்தான் சொன்னார்: "நிக்கப் போகுது! இறக்கு!"

மோட்டார் அடங்கியது. இப்போது காற்றின் சத்தம் மட்டும். வேகம் குறையக் குறையக் கம்பியும் தளரும், அங்கேதான் எல்லாம் கெடும்.

"மரியாதை?"

"கொறையுது!"

"பின்னால நட! பின்னால வா!"

அவள் பின்னோக்கி நடந்தாள். கம்பி விறைத்தது. சக்கரம் ஒருமுறை தட்டி எழும்பி, மறுபடி தட்டி, உருண்டு, அந்த மின்கம்பத்துக்கு நேராக நின்றது.

9

அதற்குப் பிறகு அத்தான் வட்டத்துக்குள் போனார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் அங்கே காலே வைத்ததில்லை. விமானத்திலிருந்து தொடங்கி, தரையில் கிடந்த கம்பிகளை மட்டும் பார்த்துக்கொண்டு, அவற்றின் வழியே நேராக நடுவுக்கு நடந்தார். அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர் பிடியை வாங்கிக் கொக்கிகளைப் பார்த்தார்.

"நான்தான் மாத்தி மாட்டியிருக்கேன்."

"மாட்டினது சரிங்க, யாருக்கும் நடக்கும். சோதிச்சப்ப நான் அசைக்கல."

"நீ அசைச்ச. நான் பாக்கல."

"நான் அசைக்கவே இல்லைங்கிறேன்."

"எனக்கு தெரியாதா?"

"பாக்கவே இல்லைன்னு சொல்றீங்க, அப்புறம் அசைச்சேன்னு எப்படி தெரியும்?"

அத்தான் கொக்கிகளைக் கழற்றத் தொடங்கினார்.  விசில் அட்டையுடன் வந்து சேர்ந்தார்.

"ஒரு வடிவமும் ஆடல. பூஜ்யம்தான் போட முடியும். அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்காரு, குடும்பச் சண்டைய கோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சுக்குங்க." பிறகு, போகாமல் நின்று, "என் வாழ்க்கையில இந்த மாதிரி ஒரு பூஜ்யம் போட்டதில்லம்மா" என்றார்.

10

நான் தீர்மானித்துச் சொல்லியிருக்கலாம். அவர்கள் இருவரைத் தவிர அந்தச் சொற்களைக் கேட்டவன் நான் ஒருவன்தான். ஆனால் "மேல்" என்றது அக்கா என்று எழுதினால் அவளுடைய தவறு அவள் கையைவிட்டுப் போய்விடும். அத்தான் என்று எழுதினால் அவருடையது போய்விடும். இருவரும் அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அந்த ஒரு வரியை உங்களிடம் விடுகிறேன். பென்சிலால் நிரப்புங்கள், பிறகு மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கும்:

அன்று ________ "மேல்" என்றார். ________ "சரி" என்றார்.

மற்றபடி எல்லோரும் என்ன ஆனார்கள் என்பது இது. அறை காலியாகவில்லை. அத்தான் தொலைபேசி மேசையில்தான் இருக்கிறார். புகார் சொல்பவர்களிடம் போனை லிஃப்ட் கதவருகே பிடிக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்டு மெக்கானிக்கை அனுப்புகிறார். வீட்டில் இரண்டாவது மின்சார விமானத்துக்கு விலா வெட்டிக்கொண்டிருக்கிறார். அக்காவுக்கு மணிக்கட்டு குணமாக ஒரு மாதம் ஆனது; அதுவரை இடது கையால் ரத்தம் எடுத்தாள், ஒருவரும் குறை சொல்லவில்லை. அடுத்த வருடப் போட்டியில் முழு வரிசையும் ஆடி நடுவில் எங்கோ ஓர் இடம் வாங்கினாள். விசில் இன்னும் பேருந்து ஓட்டுகிறார். என் புத்தகங்கள் கண்ட இடத்தில் கிடக்கின்றன. விமானம் அறையின் கூரையில் தொங்குகிறது, வால் மஞ்சள், இறக்கை என்ன நிறம் என்று கேட்க வேண்டாம். நாற்காலிக் கையில் செதுக்கிய பிடியின் மேல்முனையில் இப்போது சிவப்புப் பொட்டு இருக்கிறது. வைத்தது அக்கா.